மூணாம் நாள்

அமாவாசைக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. 1983 மே மாதக் கடைசியில் திருச்சியில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அதை விட்டால் வயது தாண்டிவிடும். அரியலூர்ச் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் உடைத்த உடம்பு, உயரத்துக்கும் மார்பளவுக்கும் பயமில்லை. ஓட்டம்தான் வரவில்லை.

சித்திரை பிறந்ததும் விடிகாலையில் வண்டிப்பாதையில் ஓடிப் பழகினான். பாதையோரம் சுண்ணாம்புக் காளவாய். தீ மூட்டிவிட்டால் அதன் புகை வெயில் ஏறும்வரை எழும்பாமல் பாதையிலேயே படுத்துக் கிடக்கும். இரண்டு சுற்றுக்குள் இருமல் நெஞ்சை அடைக்கும். ஈரத் துண்டை மூக்கில் கட்டிப் பார்த்தான். மூச்சு முட்டியதுதான் மிச்சம்.

அவன் மனைவி ஜெகதாம்பாள் அந்தக் காளவாயில்தான் கல் சுமந்தாள்.

"மாமா, தீ வச்சா ரெண்டு நாளு பொகை நிக்கும். மூணாம் நாளு அடங்கிடும். அன்னிக்கி விடியக்காலம் ஓடு. மத்த நாளு வூட்டுக்குள்ளயே குந்தி எந்திரி."

"குந்தி எந்திரிச்சா போலீசு வேல குடுத்துடுவானா? நீ என்னா இன்ஸ்பெக்டரா?"

"இந்த வூட்டுக்கு நாந்தான் இன்ஸ்பெக்டரு. தண்ணியாச்சும் குடிச்சிட்டு ஓடு."

"தண்ணி குடிச்சா விலா புடிக்கும்டி."

புகைக்குப் பயந்து அவன் மத்தியானத்துக்கு மாறினான். கத்திரி வெயில். இதில் ஓடிப் பழகினால் திருச்சி மைதானம் நிழலாகத் தெரியும் என்று நினைத்தான். மூன்று நாள் ஓடியும் விட்டான். நாலாம் நாள் ஓடும்போதே வியர்வை நின்றுபோனது. உடம்பு பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டான்.

காளவாயிலிருந்து ஜெகதாம்பாள் பார்த்தபோது, கள் குடித்தவன்போலக் கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். "மாமா!" என்று கத்தினாள். நீ யார் என்பதுபோல் பார்த்தான். அப்படியே சரிந்தான்.

அவளும் மற்றப் பெண்களும் அவனைப் புளியமரத்தடிக்கு இழுத்துப்போய், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி முந்தானையால் விசிறினார்கள். பிறகு மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. பதினோரு நாள் கழித்து எழுந்து உட்கார்ந்தபோது திருச்சியில் ஆள் எடுத்து முடித்திருந்தார்கள்.

இப்போது அவன் சிமெண்ட் ஆலை ஒன்றில் வாட்ச்மேன். அதற்கும் காக்கிச் சட்டைதான். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே தலை சுற்றுவதால் கேட்டின் நிழலைவிட்டு நகர்வதில்லை. உடம்பு விட்டுப்போகக் கூடாதென்று விடிகாலையில் மட்டும் நடக்கிறான். கிளம்புமுன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அவளிடம் கேட்பான்:

"இன்னிக்கி எத்தினியாவது நாளு புள்ள?"

"மூணாம் நாளுதான். போயிட்டு வா."

அவ்வளவுதான் சொல்வாள். நடந்ததை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஒரு தடவையாவது சொல்லித் திட்டியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.