சூட்கேஸ் அடுக்கும் மெற்றில்டா

கைப்பையைக் கழற்றி நடையிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மெற்றில்டா அறைக்குள் கால் வைத்தாள். கதவை அகலத் திறந்து, அது திரும்பிச் சாத்திக்கொள்ளாதபடி தன் செருப்பில் ஒன்றைக் கீழே செருகினாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்து, புறங்கையையும் திருப்பிக் காட்டினாள். மோதிரமில்லை, வளையலில்லை.

"பாத்துக்கிட்டீங்களா? பிறகு சாமான் ஒண்டு குறையுது எண்டு கதை வரப்படாது. இப்ப எல்லாத்தையும் கொட்டுங்க."

றஞ்சிதம் சூட்கேசின் மேல் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு நாளாக மடித்து அடுக்கி, மேலே ஏறி உட்கார்ந்து பூட்டிய சூட்கேஸ் அது. "எல்லாம் ஒழுங்காத்தான் வைச்சிருக்கிறன் அன்ரி."

"உங்களுக்கு ஒழுங்கு. செக் பொயின்ற்ல நிக்கிறவனுக்கு?"

இப்படிக் கேட்டுக் கேட்டே, வெளிநாடு போகிறவர்கள் தங்கும் வெள்ளவத்தை லொட்ஜுகளில் மெற்றில்டா பெயரெடுத்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். புருஷன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்; கப்பலில் பெட்டி அடுக்குவதைப் பற்றி அவர் வீட்டில் ஓயாமல் கதைத்ததைக் கேட்டே தனக்கு இந்தப் புத்தி வந்ததாகச் சொல்வாள். ஆனால் சூட்கேஸ் அடுக்கும் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தது ஒரு மாங்காய் ஊறுகாய்ப் போத்தல். தங்கச்சியின் மகள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஆமிக்காரன் சூட்கேசை மேசையில் கவிழ்த்தான். போத்தல் உடைந்தது. சேலை, சான்றிதழ், கலியாணப் படம் எல்லாவற்றிலும் எண்ணெய். துடைத்து அள்ளிப் போடுவதற்குள் பிளேன் போய்விட்டது.

அதற்குப் பிறகு மெற்றில்டா நுளம்பு வலைத் துணியில் பை தைக்கத் தொடங்கினாள். செங்கல் அளவில் சில, தலையணை அளவில் சில. மூன்று பக்கமும் சிப். அடிப்பக்கம் மட்டும் தடித்த துணி, மேலே வலை. உள்ளே இருப்பது வெளியே தெரியும். "அவன் கொட்டுறது ஏன் சொல்லுங்க? உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாமத்தான். பை பையாத் தூக்கினா, பாப்பான், திருப்புவான், வைப்பான். திருப்பி அடுக்க ஒரு நிமிஷம்." இடமும் மிச்சப்படும் என்பதை அவள் பெரிதாகச் சொல்வதில்லை. உடுப்புகளை உருளையாகச் சுருட்டி, வலைக்குள் நெருக்கி, காற்றை முழங்கையால் அமுக்கி வெளியேற்றி சிப்பை இழுத்தால் ஏழு சேலை இரண்டு செங்கல் இடத்துக்குள் அடங்கிவிடும்.

அடுக்குவதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. உள்ளாடைப் பை எப்போதும் மேலே. "சின்னப் பொடியன் எண்டா வெக்கத்தில அப்பிடியே மூடிடுவான். பொம்பிளைப் பொலிசுக்கு வெக்கம் வராது. அவளுக்காக அதுக்குக் கீழ மருந்துப் பை, டொக்டர்ட துண்டோட." பச்சைநிறத் துணி ஆகாது, சீருடைத் துணி என்பான். பற்றரி ஆகாது, குண்டுக்கு என்பான். சாமான் சுற்றத் தமிழ்ப் பேப்பர் ஆகவே ஆகாது. அந்தப் பக்கத்தில் யாருடைய படம் போட்டிருக்கிறதென்று யார் கண்டது? தூள் வகைக்கு வெள்ளைப் பொலித்தீன், அதன்மேல் மிளகாய்த்தூள் என்பதற்குச் சிங்களத்தில் 'மிரிஸ் குடு' என்று துண்டு. எந்தத் தூளையும் ஸ்வெற்றர் பின்னும் ஊசியால் மூன்று இடத்தில் குத்திப் பார்க்காமல் பைக்குள் போடமாட்டாள். குடிக்கத் தேத்தண்ணி கொடுத்தால் வாங்கமாட்டாள். தன் பிளாஸ்கில் கொண்டுவந்ததைத் தன் மூடியிலேயே ஊற்றிக் குடிப்பாள்.

இவ்வளவும் தெரிந்த பெண்ணை யார்தான் நம்புவார்கள்? தெரு முனைக் காவலரணில் நிற்கிற சிப்பாய் அவளைக் கண்டால் 'அம்மே' என்கிறான். அவள் "கொஹொமத மல்லி", எப்படித் தம்பி, என்று சிங்களத்தில் நின்று கதைத்துவிட்டு வருகிறாள். லொட்ஜ் நடத்துகிற தியாகராசா ஐயாவே காலையில் றஞ்சிதத்தைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "வேலை சுத்தம், அது உண்மை பிள்ளை. ஆனா வாயைக் குடுக்காதேங்கோ. அவவின்ர காது எங்க போய் முடியுதெண்டு எங்களுக்குத் தெரியாது."

றஞ்சிதத்திடம் நாலு நாள்தான் மிச்சம் இருந்தது. ஆறு வருஷம் இழுத்த ஸ்பொன்சர். கணவன் இராஜநாயகம் ரொறொன்ரோவில். விசாவில் போட்டிருந்த கடைசித் திகதி வெள்ளிக்கிழமை; பிளேன் வியாழக்கிழமை. வழியில் யாராவது ஒருவன் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்து, "இது என்ன?" என்று இரண்டு மணித்தியாலம் இருத்திவைத்தால் போதும், ஆறு வருஷமும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் மெற்றில்டாவைக் கூப்பிட்டாள். இப்போது மெற்றில்டாவைக் கண்டும் பயமாக இருந்தது.

படங்களுக்கு வந்தபோது அந்தப் பயம் கூடியது. மெற்றில்டா அல்பத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது யாரு? இது? இந்தத் தாடிக்காரர்?"

"பெரியப்பா. போஸ்ற் ஒபிஸில இருந்தவர்."

"இந்தப் பொடியன்?"

"தம்பி."

"எங்க இப்ப?"

"லண்டனில."

மெற்றில்டா படத்தைப் பார்க்கவில்லை. றஞ்சிதத்தின் கழுத்தைப் பார்த்தாள். "லண்டன்ல இருக்கிற தம்பிக்கு அக்காட கழுத்து ஏன் இப்பிடித் துடிக்குது?" பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. படத்தை உருவி மெத்தைக்கு மேலே, 'போகாத சாமான்' பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். தம்பி எங்கே என்று நாலு வருஷமாக றஞ்சிதத்துக்கே தெரியாது. அதை இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தெரு முனை வரைக்கும் போகுமா, அதற்கு அப்பாலும் போகுமா?

பாதி வேலையில் தியாகராசா ஐயா கதவடியில் வந்து நின்றார். அறுபது தாண்டியவர், இடுப்பில் எப்போதும் தோய்த்து மடித்த சாரம். கையில் வெள்ளைத்துணியில் தைத்த ஒரு பொதி. மேலே மகனின் ரொறொன்ரோ விலாசம் நீல மையில்.

"மகனுக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள், பிள்ளை. அங்கத்தைத் தூள் அவனுக்கு ஒத்துவரேல்லையாம். ஒரு கிலோகூட இல்லை."

"தாங்கோ ஐயா" என்று றஞ்சிதம் கை நீட்டினாள். எப்படி நீட்டாமல் இருப்பது? பொலிசில் அவளைப் பதிந்தவர் அவர். இத்தனை மாதம் இந்த விடுதியில்தான் இருந்தாள் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போடும் கடிதம் இல்லாமல் ஒரு செக் பொயின்ற்றும் தாண்ட முடியாது. அது இன்னும் அவள் கைக்கு வரவில்லை.

நீட்டிய கைகளுக்கு நடுவே மெற்றில்டாவின் கை வந்தது. "தைச்சு வந்ததை நான் வைக்கிறேல்ல, மிஸ்ரர் தியாகராசா. பிரிச்சுப் பாத்துட்டுத்தான்."

"நான் என்ர கையால தைச்சது."

"அதுதான் பிரிக்கணும் எண்டுறன்."

"மெற்றில்டா, பத்து வருஷமா இந்த லொட்ஜ் நடத்துறன். எத்தினை தரம் ஆமி ரவுண்டப் வந்தது? ஒரு குண்டூசி பிடிபட்டதோ?"

"நல்லது. குண்டூசி இருந்தா நான் எடுத்துத் தாறன்."

அவர் முகம் இறுகிவிட்டது. பொதியைக் கட்டிலில் வைத்துவிட்டு நடையால் போனார். றஞ்சிதம் குரலைத் தாழ்த்தினாள். "அன்ரி, விடுங்கோ. அவர் கோவிச்சுக் கடிதத்தைத் தராமல் விட்டா நான் எங்க போறது? மிளகாய்த்தூள்தானே?"

"இருந்தா சந்தோசம். வாசத்துக்குத் தும்மிட்டு திருப்பித் தைச்சுடுவன். எனக்கென்ன புள்ள, நான் பஸ்ல வீட்டுக்குப் போறவள். மேசைக்கு முன்னால நிக்கப் போறது நீங்க."

சவர பிளேட்டால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். நூலைக்கூட வீணாக்காமல் விரலில் சுற்றி வைத்தாள். உள்ளே பொலித்தீன், அதற்குள் தூள். வறுத்த மல்லியும் மிளகாயும் சேர்ந்த வாசம் அறையை நிறைத்தது. றஞ்சிதத்துக்கு மூச்சு வந்தது. மெற்றில்டா பின்னல் ஊசியை இறக்கினாள். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாவது தரம் ஊசி பாதியில் நின்றது.

விரல்விட்டு எடுத்தாள். மெழுகுத்தாளில் இறுகச் சுற்றிய ஒரு கமெராப் பிலிம் சுருள், பெருவிரல் உயரம். முனை மட்டும் நாக்கைப்போல வெளியே நீண்டிருந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியென்றால் கத்தி என்று தெரியும். கடிதமென்றால் வாசித்துவிடலாம். கழுவாத சுருளில் என்ன இருக்கிறதென்று யார் சொல்வது? பாலமா, முகாமா, துறைமுகமா? றஞ்சிதம் கட்டிலை விட்டுத் தள்ளி நின்றாள். காலையில் தனக்குப் புத்தி சொன்ன மனிதர்! பிறகு உடனே இன்னொரு நினைப்பும் ஓடியது: இதை இந்தப் பெண்ணே தன் கைக்குள் கொண்டுவந்து வைத்தாளோ? கையை விரித்துக் காட்டியதெல்லாம் இதற்குத்தானோ?

"மிஸ்ரர் தியாகராசா, கொஞ்சம் வாங்க" என்று மெற்றில்டா நடையைப் பார்த்துச் சாதாரணக் குரலில் கூப்பிட்டாள்.

அவர் வந்தார். சுருளைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர மனிசியின்ர செத்தவீடு" என்றார்.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய மனைவி, இயக்கத்தின் பிடியிலிருந்த வன்னியில், தன் தமக்கை வீட்டில் காய்ச்சலில் இறந்தது றஞ்சிதத்துக்குத் தெரியும். பாதை பூட்டியிருந்ததால் இவர் போகவில்லை. மகனும் வரவில்லை. வெளியில் இருக்கிற பிள்ளைக்கு அனுப்பவேண்டுமென்று யாரோ கமெரா தேடிப் பிடித்து முப்பத்தாறு படம் எடுத்திருக்கிறார்கள்.

"நீங்க பாத்தீங்களா?" என்று மெற்றில்டா கேட்டாள்.

"எப்பிடிப் பாக்கிறது? கழுவக் குடுத்தால்தானே. எந்த ஸ்ரூடியோவில குடுக்க? கழுவுறவன் பாப்பான். செத்தவீட்டுக்கு ஆர் ஆர் வந்து நிண்டாங்களோ, என்ன கொடி பறந்ததோ. அந்த ஊர்ல செத்தவீட்டுக்கு வராதேங்கோ எண்டு ஆருக்குச் சொல்லலாம்?" அவர் றஞ்சிதத்தைப் பார்த்தார். "வவுனியா செக் பொயின்ற் தாண்டினதும் இந்தத் தூளுக்கதான் பிள்ளை. ஒண்டும் நடக்கேல்லை."

"சும்மா கையில கொண்டு போயிருந்தா செத்தவீட்டுப் படம். தூளுக்க ஒளிச்சதோட அது வேற சாமான்" என்றாள் மெற்றில்டா. "ஒருக்காத் தப்பினதை இந்தப் புள்ளட தலையில இரண்டாம் தரம் வைக்காதீங்க."

"கடிதம் தருவன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று அவர் அவசரமாகச் சொன்னார். மடியிலிருந்து அதை எடுத்துக் கட்டிலில் வைத்தார். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியிருந்தது. அதைக் கண்டதும் றஞ்சிதத்துக்கு இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

"சுருளை நான் சட்டைக்குள்ள வைச்சுக் கொண்டு போறன் ஐயா" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்ப நான் கை கழுவுறன்" என்றாள் மெற்றில்டா. "பையெல்லாம் திருப்பித் தாங்க, கொண்டுபோறன். நாளைக்கு உங்களைப் பிடிச்சா, யாரு அடுக்கினதெண்டு கேப்பான். என்ர தையல் எல்லா லொட்ஜிலயும் இருக்கு."

றஞ்சிதம் கட்டிலில் இருந்த கடிதத்தை எடுத்துப் பாஸ்போட்டுக்குள் வைத்தாள். வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல் மட்டும் தலைக்குள் இடித்துக்கொண்டிருந்தது. கடிதத்தை எடுத்ததே பதிலாகப் போயிற்று.

தியாகராசா ஐயா சுருளை வாங்கி உள்ளங்கையில் வைத்திருந்தார். கொண்டுபோய்த் தன் மேசை லாச்சியில் ஒளித்து வைக்கலாம். ஆனால் இவ்வளவு நாளும் அது அவர் ஒருவருக்குத் தெரிந்த பொருள். இப்போது மூன்று பேருக்குத் தெரியும். அவர் முதலில் மெற்றில்டாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு றஞ்சிதத்தின் முகத்தை. 'நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்' என்று இருவரில் யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவர் நம்பியிருப்பாரோ தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை.

யன்னல் வழியே கடற்கரைப் பக்கத்து வெயில் தரையில் விழுந்திருந்தது. அவர் அந்த இடத்துக்கு நடந்துபோய், வெளியே நீண்டிருந்த முனையைப் பிடித்து இழுத்தார். கபில நிற நாடா சரசரவென்று வந்தது. வெளிச்சம் பட்டால் அழிந்துவிடும் என்பது மூவருக்கும் தெரியும். ஒரு முழம். இரண்டு முழம். அதற்குமேல் கை இழுக்கவில்லை. நாடாவைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஏதாவது தெரிகிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

மெற்றில்டா எழும்பிப் போனாள். அவர் தோளில் ஒரு கணம் கையை வைத்தாள். மற்றக் கையால் சுருளின் டப்பாவை மெதுவாக வாங்கி, உள்ளே மிச்சமிருந்ததையும் அது 'டக்' என்று நிற்கும்வரை இழுத்து எடுத்தாள்.