சீக்கிரம் தீரும் பேட்டரி

தேக்கா கடைத்தெருவில் ஒரு மின்பொருள் கடை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர், தாமே செய்த மெட்டல் டிடெக்டரைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மனைவி கடற்கரை மணலில் தொலைத்த கல்யாண மோதிரத்தைத் தேடுகிறாராம். கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதிலிருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கழற்றி, நாக்கில் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தச் சின்னது சீக்கிரம் தீர்ந்துடும் அங்கிள். ஆறு டபுள் ஏ பேட்டரி போடுங்க. அதே வோல்டேஜ்தான், நாள் முழுக்கத் தேடலாம்," என்றேன்.

"அதைப் போட்டுப் பார்த்தாச்சும்மா. சோறு தண்ணி இல்லாம தேடிக்கிட்டே இருந்துட்டேன். 'மோதிரம் போனாப் போவுது, நீங்க வீட்டுக்கு வாங்க'ன்னு அவ அழுவுறா. சின்னதுன்னா தீர்ந்ததும் கிளம்பிடலாம்லா."

சின்னதையே வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

"இன்னொண்ணு குடுங்க," என்றார் கடைக்காரரிடம். என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.