கட்டு பிரிப்பதற்கு முன்

போன வருடம் மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். கடற்கரையில் பஜ்ஜி போடும் செல்வியக்கா, வலது கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டி அங்கே சேர்ந்திருந்தார். தினமும் காலையில் அவருக்குக் கட்டு மாற்றுவது என் வேலை. துணியைப் பிரிக்க ஆரம்பித்ததுமே கையை இழுத்துக்கொள்வார். எனக்கு எரிச்சலாக வரும். கேஸ் ஷீட்டில் ‘வலி இருந்தால் ஊசி’ என்று எழுதியிருந்தது. நானும் அதன்படியே, கட்டு மாற்றி, அவர் அழுது முடித்த பிறகுதான் ஊசி போடுவேன்.

ஐந்தாம் நாள் காலை, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பி நின்றார்.

“புண்ணு சீழ் பிடிச்சா விரலே மடங்காது, அப்புறம் எப்படி பஜ்ஜி போடுவீங்க? கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?” என்று கத்தினேன்.

“நான் பொறுக்கறது இருக்கட்டும் டாக்டரு. அழுதப்பறம் குத்துற ஊசிய முன்னாடியே குத்தினா உனக்கு இன்னா நோவுது?”

ஊசியை முதலிலேயே போடலாமா என்று பெரிய டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“இதைக்கூடக் கேட்டுத்தான் செய்வியா?” என்றார்.

ஊசி போட்டு, அரை மணி கழித்துக் கட்டைப் பிரித்தேன். செல்வியக்கா முகத்தைச் சுளித்தார். ஆனால் கையை இழுக்கவில்லை.

வலி வரும் என்று நன்றாகத் தெரிந்தும், வரட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். அந்த நான்கு காலைகளை நினைத்தால் இப்போதும் என் மேல்தான் எரிச்சல் வருகிறது.