ஜிம்மியின் குதிகால்

கால்நடை மருத்துவத்தில் நோயாளி பொய் சொல்வதில்லை, அந்தப் பொறுப்பை உடன் வருகிறவர் ஏற்றுக்கொள்கிறார். வில்லியனூர் பக்கம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் நாய்களையும் பார்த்து வருகிறவன் நான். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டவர்கள், மீதிப் பேர் போட மறந்தவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஆகவே நோயைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

எலும்பில் ஒன்றுமில்லை

ஒதியம்பட்டிலிருந்து அந்தோணியும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் ஷேர் ஆட்டோவில் ஜிம்மியைக் கொண்டுவந்தார்கள். அந்தோணி கரும்பு போடுகிறவர். ஸ்டெல்லாவுக்கு சேதராப்பட்டில் கம்பெனி வேலை. ஜிம்மி செம்பட்டை நிற நாட்டு நாய். பைக் இடித்திருக்கும் என்று யாரோ சொல்ல, பின்னங்கால் இரண்டுக்கும் முட்டை வெள்ளைக்கரு தடவிக் கட்டுப் போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். எலும்புகள் நன்றாக இருந்தன.

நாயின் பின்னங்காலில் பின்பக்கமாக முட்டி போல் தெரிவதை எல்லோரும் முழங்கால் என்கிறார்கள். அது குதிகால். நாய் பிறவியிலேயே குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரலால் நடக்கிற பிராணி. ஜிம்மியோ குதிகாலைத் தரையில் ஊன்றி, வழுக்கும் தரையில் நடப்பவர் போல் நின்றது. தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம். ரத்தத்தைச் சோதித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. சர்க்கரை நெடுநாள் கூடிக் கிடந்து கால் நரம்புகளைக் கெடுத்திருக்கிறது, சர்க்கரையை அடக்கினால் நரம்பு மெல்லத் தேறலாம், அடக்காவிட்டால் பின்னங்கால்களை மறந்துவிட வேண்டியதுதான் என்றேன். அந்தோணி என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா டாக்டர் சொல்றீங்க, அது டீ கூடக் குடிக்காதே."

சர்க்கரை இல்லாத விஷம்

அந்தோணிக்கும் சர்க்கரை உண்டு. தன் மாத்திரையில் பாதியை ஜிம்மிக்குக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்டார். மனிதனுக்கு வரும் வகையில் உடம்பில் இன்சுலின் கொஞ்சமாவது சுரக்கும், மாத்திரை அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும். நாய்க்கு வரும் வகையில் பெரும்பாலும் சுரப்பே நின்றுபோயிருக்கும், ஊசியைத் தவிர வழியில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். காலை மாலை சாப்பாட்டோடு இன்சுலின், நரம்பு வலிக்குக் கேப்சூல், கூடவே ஒரு வைட்டமின். ஊசி போடுவது ஸ்டெல்லாவின் பொறுப்பு.

மறுநாளே அந்தோணி ஒரு பாட்டிலோடு வந்தார். கேப்சூலை ஜிம்மி துப்பிவிடுகிறதாம். மெடிக்கலில் அதே மருந்து சிரப்பாகக் கிடைத்ததாம், அதுவும் சர்க்கரை இல்லாததாகப் பார்த்து வாங்கினாராம். லேபிளைப் படித்தேன். சர்க்கரைக்குப் பதிலாக அதில் சேர்த்திருந்த இனிப்பு மனிதனுக்குச் சாது, நாய்க்கு உயிரையே வாங்கும். கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன். இன்னும் மூடி திறக்கவில்லை என்றார். பாட்டிலை அவரிடமே நீட்டினேன். அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குந்தான் கால் எரியுது. வாங்கினது வாங்கியாச்சி, நான் குடிச்சிடட்டுமா?"

ஷிஃப்ட் மாறிய வாரம்

ஸ்டெல்லா வேலையில் சுத்தம். கம்பெனிக்குக் கிளம்பும் முன் ஒரு ஊசி, திரும்பி வந்ததும் ஒரு ஊசி என்று வழக்கப்படுத்திக்கொண்டார். கம்பெனியோ வாரம் ஒரு ஷிஃப்ட் மாற்றும். ஷிஃப்ட் மாறினால் ஊசியும் மாறியது. இரண்டு ஊசிக்கு நடுவில் சம இடைவெளி வேண்டும் என்று நான் சொன்னதும் உண்மை, ஜிம்மிக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டதும் உண்மை.

ஷிஃப்ட் மாறிய ஒரு நாளில் முந்தின ஊசியின் வேகம் அடங்குவதற்குள் அடுத்த ஊசி விழுந்தது. ஜிம்மி நடுங்கிச் சரிந்துவிட்டது. ஸ்டெல்லா ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவிக்கொண்டே ஆட்டோவில் கொண்டுவந்தார். அதனால் பிழைத்தது. அது கண் விழித்த பிறகு, இப்படி இம்சைப்படுவதைவிட ஒரேயடியாக ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று மெல்லக் கேட்டார். அழுதிருந்தார்.

தினமும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கிற ஒருவர் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றேன். அப்படி இருப்பவர் அந்தோணி. தனக்கே இன்சுலின் போடச் சொன்ன மருத்துவர் இருக்கும் பக்கமே ஊசிக்குப் பயந்து போகாமல் இருப்பவர். ஸ்டெல்லா அவரைப் பார்க்கக்கூட இல்லை, சுவரைப் பார்த்தார். அந்தோணி ஜிம்மியின் பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார், விட்டார், மறுபடி தூக்கினார்.

"கண்ண மூடிக்கினு குத்தினா பரவால்லியா டாக்டர்?"

தெருவின் கருணை

கண்ணைத் திறந்துகொண்டே குத்தினார். நேரம் ஒழுங்காயிற்று, சர்க்கரை ஒழுங்காகவில்லை. அளவைக் கூட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு என் மருந்தின் மீதே சந்தேகம் வந்தது.

பிறகுதான் காரணம் தெரிந்தது. ஜிம்மி நல்ல காலோடு இருந்தபோது அந்தத் தெருவில் அதை எல்லோரும் விரட்டினார்கள். படுத்துவிட்டதும் பரிதாபம் பொங்கிவிட்டது. தேடி வந்து தின்ன முடியாதே என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இட்லி, மிச்சச் சோறு, கிறிஸ்துமஸ் நெருங்கியபோது கேக் எல்லாம் அது கிடந்த இடத்துக்கே போயின. அந்தோணி ஒரு அட்டையில் 'ஜிம்மிக்கு சர்க்கரை, எதுவும் போடாதீர்கள்' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார். அப்படியும் சர்க்கரை முழுதாக இறங்கவில்லை. தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் கன்னியம்மா தன் ஆட்டைக் காட்ட வந்தபோது, நாய்க்கு ஏதாவது போடுகிறீர்களா என்று நைசாகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாதா இன்னா? போர்டு பார்த்த நாள்லேந்து உப்பு பிஸ்கட்டுதான் போடுறேன்."

ஓட்டம்

உப்பு பிஸ்கட்டும் நின்றது. சர்க்கரை இறங்கியது. நரம்பு அவசரப்படாத உறுப்பு. நெல் வளர்வதைப் போலவே அது தேறுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. முதலில் ஜிம்மி வலிக்காமல் தூங்கியது. பிறகு ஒரு குதிகால் தரையை விட்டது. மற்றது யோசித்துக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு முறையும் 'பார்க்கலாம்' என்றேன். என் தொழிலில் அந்தச் சொல்லுக்கு 'எனக்கும் தெரியாது' என்று பொருள்.

போன மாதம் அந்தத் தெருவில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தது. கன்றை வெளியே எடுத்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னால் குரைப்பு. கண்ணாடியில் பார்த்தால் ஜிம்மி, நாலு காலில், விரல்களால். லேசாக ஒரு பக்கம் சாய்ந்தாலும் ஓட்டம்தான். இதுநாள் வரை தன்னைக் குத்தியும் கிள்ளியும் பார்த்தவன் யார் என்று அதற்கு நன்றாக நினைவிருந்தது. நான் வேகத்தைக் கூட்டினேன். அது என் பேன்ட்டை எட்டிப் பிடித்தபோது, வாசலில் நின்ற அந்தோணி கண் கலங்கக் கத்தினார்.

"டாக்டர், கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, அதுக்கு இன்னும் முழுசா சரியாவல!"

சர்க்கரையால் கெட்ட நரம்பு மருந்தால் தேறும் என்பதற்கு ஆதாரம் கேட்கிறவர்களுக்குக் காட்ட, கிழிந்த பேன்ட் ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.