முதுகில் கட்டிய கேன்

ஆவணி, மூன்றாம் ஞாயிறு. கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே, என் மருமகளின் பிறந்த ஊரை ஒட்டி ஓடும் பாசன வாய்க்காலில், பிற்பகலில், கல்லூரி மாணவர் ஒருவர் படித்துறையில் நின்று தம்மைத் தாமே செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்தார். அவரைப் பிடிக்கக் குதித்த நண்பருக்கும் நீந்தத் தெரியாது. மாமனார் வீட்டு விருந்து முடிந்து அவ்வழியே மனைவியுடன் நடந்து வந்த என் மகன், சட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் கரையில் வைத்துவிட்டு இறங்கி, இருவரையும் ஒருவர் பின் ஒருவராகக் கரை சேர்த்தான். பிறகு தானும் ஏறிப் படியில் அமர்ந்தான். கண்ணாடியை எடுத்துத் தரும்படி மனைவியிடம் கேட்டான். அவள் எடுத்து வருவதற்குள் சாய்ந்துவிட்டான்.

அன்று மாலை, அரசு மருத்துவமனை. இதயம் நின்றதே காரணம் என்று மருத்துவர் எழுதினார். நுரையீரலில் நீர் இல்லை.

திங்கள். துடியலூரில், எங்கள் வீட்டிலிருந்து எடுத்துச் சென்று எரியூட்டினோம்.

புதன். எங்கள் குடியிருப்பின் நுழைவாயிலில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டப்பட்டது.

நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்லப்படுபவை அனைத்தும் அச்சுக்கடையில் சேர்க்கப்பட்டவை.

அந்தப் பேனரைப் பற்றி எழுத வேண்டியிருப்பதற்கு வருந்துகிறேன். என் மகனின் முகத்தைத் திருமணப் படத்திலிருந்து வெட்டி எடுத்து, அவனுக்குச் சொந்தமில்லாத ஓர் உடலின் மேல் ஒட்டியிருந்தார்கள். அவ்வுடலுக்கு மார்பு கவசம் போல் புடைத்திருந்தது. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தசை. முதுகிலிருந்து சிவப்பு அங்கி பறந்தது. ஒரு கை முஷ்டியை முன்னே நீட்டியவாறு அவன் மேம்பாலங்களுக்கு மேலே மேகத்தில் போய்க்கொண்டிருந்தான். 'எங்கள் சூப்பர் ஹீரோ' என்று எழுதியிருந்தது. கீழே, காதுகுத்துப் பேனரானாலும் கண்ணீர் அஞ்சலிப் பேனரானாலும் தவறாத அந்த வரிசை: கறுப்புக் கண்ணாடி அணிந்தோர், தாடையில் கை வைத்தோர், தொலைபேசியில் பேசுவது போல் நிற்போர். அவர்களுக்கு நடுவே, இறந்தவனைக் காட்டிலும் சற்றே சிறிய அளவில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் கைகூப்பி நின்றார்.

மகனின் மூக்குக் கண்ணாடியைக் கணினியில் அழித்திருந்தார்கள். ஆனால் மூக்குத் தண்டின் இரு பக்கமும் அது பதித்திருந்த தழும்புகளை அழிக்க மறந்துவிட்டார்கள். அந்த முழுப் படத்தில் எனக்கு அடையாளம் தெரிந்தவை அவ்விரண்டு தழும்புகள் மட்டுமே.

நான் கல்லூரியில் அறவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மேன்மை என்பது என்ன, அது மனிதனுக்கு எப்படி வாய்க்கிறது என்பதைப் பற்றிப் பணிக்காலம் முழுவதும் பேசியிருக்கிறேன். சிவப்பு அங்கியால் வாய்க்கிறது என்று எந்த மந்தமான மாணவனும் தேர்வில் எழுதியதில்லை.

எட்டு வயதான என் பேத்தியோடு அமர்ந்து இத்தகைய கதைகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். நாயகன் பகலில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். கண்ணாடி அணிகிறான், மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிறான், பேருந்தைத் தவறவிடுகிறான். கதையை ஆக்கியவர்களுக்கு இதெல்லாம் வெறும் வேடம். உண்மையான அவன் உடை மாற்றிய பின்புதான் வருகிறான். குழந்தைகளை ஏமாற்றுவதற்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி இருக்க முடியாது. பறக்கும் ஆற்றல் அவனுக்கு முதல் காட்சியில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான் கடைசிக் காட்சியிலும் இருக்கிறது. அது வளர்வதில்லை. அவனிடம் ஏதேனும் வளர்கிறது என்றால், பொறுமையோ வெட்கமோ பிறர் மேல் அக்கறையோ, அது அந்த அலுவலக நாற்காலியில்தான் வளர்கிறது. அங்கிதான் வேடம். கண்ணாடி அணிந்தவன்தான் ஆள்.

அந்த ஆளை எனக்குத் தெரியும்.

என் மகன் மோட்டார் பம்ப் நிறுவனமொன்றில் சர்வீஸ் இன்ஜினியராக இருந்தான். தோட்டத்துக் கிணறுகளில் இறங்கி மோட்டார்களைப் பார்ப்பது அவன் வேலை. தண்ணீர் என்றால் அவனுக்குப் பயம். குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுகூடக் கண்களை இறுக மூடிக்கொள்ளும் குழந்தையாக இருந்தான். வளர்ந்த பின்னும் அது மாறவில்லை. ஒருமுறை சூலூர்ப் பக்கத்துத் தோட்டத்தில், கிணற்றுப் படியில் இறங்கத் தயங்கி நின்றவனைப் பார்த்து விவசாயி ஒருவர் கேட்டாராம்: "ஏனுங்க தம்பி, மோட்டார எடுத்து மேல வெச்சுக் குடுத்தா பாப்பீங்களா? இல்ல, கெணத்தையே மேல எடுத்து வெக்கோணுமா?"

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி அவனே சிரித்தான். மனைவியிடம் அன்று இரவு உணவின்போது கேட்டான், "எனக்கு நீச்சல் பழக்கி உடுவியா?"

மருமகள் வாய்க்கால் கரையில் பிறந்தவள். நடக்கப் பழகியபோதே நீந்தவும் பழகியவள். "உங்களுக்குங்களா?" என்றாள். "எங்கப்பன் கெணத்துல பொடுசுக கூட எறங்கோணும். வெக்கப்படாம வருவீங்களா?"

வெட்கப்பட்டான். ஆனாலும் போனான். கொங்கு நாட்டுக் கிணறுகளில் முன்பு காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீந்தப் பழகுவார்கள். இப்போது காலியான எண்ணெய்க் கேன். முப்பதைக் கடந்த, முன்வழுக்கை விழத் தொடங்கிய, சற்றே தொந்தியுள்ள ஒருவன், முதுகில் ஐந்து லிட்டர் கேனைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவே ஞாயிறுதோறும் கிணற்றில் இறங்கினான். பேத்தி அப்போது கைக்குழந்தை. அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் வேப்பமர நிழலில் அமர்ந்திருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது, இன்றுவரை தெரியாது.

"ஏனுங்ணா, கேனு மட்டும் நல்லா நீந்துதுங்ணா!" என்று ஒரு பயல் கத்துவான்.

"நீங்க கேனுக்குத்தான பழக்கி உடறீங்க, அக்கா?" என்று இன்னொருத்தி என் மருமகளைக் கேட்பாள்.

"சும்மா இருங்க கண்ணுகளா, அவரு பாவம்" என்பாள் அவள். அவன் மூக்கில் ஏறிய நீரைச் சீறிவிட்டு, கண்ணாடி இல்லாத கண்களால் அவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தேடிச் சிரிப்பான்.

அவனாகக் கண்டுபிடித்த ஒரு முறை உண்டு. பம்ப் வேலை பார்ப்பவனுக்கே தோன்றக்கூடியது. ஒவ்வொரு ஞாயிறும் இறங்குமுன் கேனின் மூடியைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே ஊற்றிக்கொள்வான். அடுத்த வாரம் இன்னொரு டம்ளர். கேன் மிதக்க வைக்கும் அளவு வாரா வாரம் அவ்வளவு குறையும். மீதியை அவன் கைகால்கள் செய்ய வேண்டும். "எதுக்குங்க இந்த வேல? பழகுனதும் அவுத்துப் போட்டாப் போகுது" என்று மனைவி சொன்னதற்கு, "ஒரேடியா அவுத்தா பயந்துக்குவேன். எனக்கே தெரியாம கொறச்சுக்கறேன்" என்றான்.

தனக்குக் கிடைக்கும் துணையைத் தானே, தனக்கே தெரியாத அளவில், வாரம் ஒரு டம்ளராகக் குறைத்துக்கொண்ட மனிதனைப் பற்றி நான் படித்த அறவியல் நூல்களில் ஒரு வரி இல்லை. நிரம்பிய கேனை முதுகில் கட்டியபடி கிணற்றைக் குறுக்கே கடந்த நாளில் அவன் படியேறி வந்து முதலில் கேட்டது கண்ணாடியைத்தான். போட்டுக்கொண்டு, கடந்து வந்த தூரத்தை ஒருமுறை பார்த்தான். வாய்க்கால் படியில் அவன் கண்ணாடி கேட்டதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் மூச்சு விடுகிறார்களா என்று அவன் பார்க்க விரும்பியிருப்பான்.

இந்தப் புரட்டாசியில் மகளுக்குக் கேன் கட்டுவதாகச் சொல்லி, புதுக் கேன் ஒன்றைக் காலி செய்து கழுவியும் வைத்திருந்தான்.

கருமாதி முடிந்த மறுநாள் செயலாளர் வந்தார். கூடவே, வாய்க்காலில் முதலில் விழுந்த அந்த மாணவர். பேனர் மாணவரின் செலவாம். செயலாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பூங்காவில் நிரந்தரமாக ஒரு சிலை வைக்கத் திட்டம் என்றார். ஃபைபரில், அங்கியுடன், பறக்கும் நிலையில்.

"ஒங்க கையெழுத்து ஒண்ணு வேணுங்க சார். குடும்பத்துச் சம்மதம்னு. தெறப்பு விழாவுக்குப் பெரிய ஆளுங்கள கூப்பிடறோமுங்க."

"அவன் பறந்ததில்லை" என்றேன்.

"அது ஒரு இதுக்குங்க சார். கொழந்தைகளுக்கு இன்ஸ்பிரேசனா இருக்கும் பாருங்க."

மாணவரிடம் திரும்பினேன். அவர் தலையைக் குனிந்திருந்தார். "அண்ணன் எங்களுக்கு சாமி மாதிரிங்க அய்யா" என்றார். குரல் உடைந்தது, அது நடிப்பில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"தம்பி, நீங்கள் இப்போது நீந்துவீர்களா?"

"இல்லீங்க அய்யா."

"பழகத் தொடங்கியிருக்கிறீர்களா?"

"இன்னும் இல்லீங்க."

அச்சுக்கடைக்குப் போக நேரம் இருந்திருக்கிறது. சிலைக்கு அளவு கொடுக்க நேரம் இருந்திருக்கிறது. நான் கையெழுத்திடவில்லை. செயலாளர் காபியைக் குடித்து முடித்து, "யோசிச்சுச் சொல்லுங்க சார், வாரேன்" என்று எழுந்தார். அவரைப் போன்றவர்களுக்கு மறுப்பு என்பது தாமதமான சம்மதம். பேனர் அங்கேயே இருந்தது. பேத்தி தினமும் அதன் கீழேதான் பள்ளி வேனுக்குக் காத்து நின்றாள்.

புரட்டாசியின் முதல் ஞாயிறு மருமகளின் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தோம். மகன் கழுவி வைத்த கேனையும் கயிற்றையும் அவள் எடுத்து வந்திருந்தாள். நான் அதே வேப்பமரத்தடியில் அமர்ந்தேன். கிணற்றுச் சுவரின் மேல் ஏதோ சிவப்பாக அசைந்தது. தாயின் துப்பட்டாவைக் கழுத்தில் முடிந்துகொண்டு, இரு கைகளையும் முன்னே நீட்டியபடி, பேத்தி கிணற்றைப் பார்த்து நின்றாள்.

மருமகள் கத்தவில்லை. கேனைச் சத்தமின்றித் தரையில் வைத்தாள். "அம்மணி" என்றாள், சாப்பிடக் கூப்பிடும் குரலில். "கேன் கட்டாம எங்க போறீங்க?"

"எனக்குக் கேன் வேண்டாங்மா. அப்பா கேன் கட்டலியே. துணிதான கட்டியிருக்காங்க. எனக்கும் தானா வந்துரும்."

அதற்குள் மருமகளின் கை அவளது இடுப்பைச் சுற்றியிருந்தது. இறக்கி, தரையில் உட்கார்ந்து, மடியில் அழுத்திக்கொண்டாள்.

செயலாளர் சொன்ன இன்ஸ்பிரேசன் இதுதான்.

மோட்டார் அறைக்குள் பழைய கேன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மருமகள் எடுத்து வந்து மகள் முன் வைத்தாள். கழுத்துவரை நீர் இருந்தது. பாசி பிடித்துப் பச்சையாகியிருந்தது. "இதுதான் உங்கப்பா கட்டுனது. தூக்கிப் பாரு" என்றாள். பேத்தி இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தாள். முழங்காலுக்கு மேல் தூக்க முடியவில்லை.

"இத்தாச் சோட்டுக் கனத்த கட்டிட்டா அப்பா நீந்துனாங்க?"

"மொதல்ல காலிதான். வாரத்துக்கு ஒரு டம்ளரா ஊத்துனாரு."

"பயந்தாங்களா?"

"ரொம்ப. உங்கப்பாரு சாட்சி, கேளு" என்று தாத்தாவான என்னைக் காட்டினாள்.

பேத்தி என்னைப் பார்த்தாள். "ஆமாம்" என்றேன். பேனரில் இருந்தவனைப் பற்றி அதுவரை அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இப்போது கேட்கத் தொடங்கினாள்: அப்பா அழுதாங்களா, மூக்கில தண்ணி போச்சா, பசங்க சிரிச்சாங்களா. அனைத்துக்கும் ஆமாம் என்றே சொல்ல முடிந்தது. கழுத்து முடிச்சைத் தானே அவிழ்த்தாள். மருமகள் காலிக் கேனை அவள் முதுகில் கட்டி, கையைப் பிடித்துப் படியில் இறக்கினாள்.

அன்று மாலை துடியலூர் திரும்பியதும் மருமகள் ஏணி போட்டு ஏறிப் பேனரின் கயிறுகளை அறுத்தாள். வாயிற்காவலர், "செயலாளர்கிட்ட ஒரு வார்த்த..." என்றார். "நான் அவரு சம்சாரமுங்க" என்றாள். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்த ஃபிளெக்ஸ் இப்போது எங்கள் மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட விரித்திருக்கிறது, படம் தரைப்பக்கமாக.

செய்யாமல் மீந்திருப்பவை:

செயலாளருக்கு மறுப்பை எழுத்தில் தர வேண்டும். வாய்ச்சொல் அவருக்குப் புரிவதில்லை.

அந்த மாணவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றுக்கு வரச் சொல்ல வேண்டும். அவர் எடைக்கு ஒரு கேன் போதாது; இரண்டு தேட வேண்டும்.

மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் வாய்க்கால் படியில் மிதிபட்டு உடைந்திருக்கிறது. மாற்ற வேண்டும். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பேத்தியின் கேனில் முதல் டம்ளர் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவளே கேட்கட்டும்.