எனிட் ப்ரௌஸ் சொன்ன சாட்சி

எங்கள் மெல்பர்னில், எங்கள் பெண்களைக் கொன்றவனை எங்கள் நீதிபதி விசாரிக்கக் கூடாதாம். அவன் அமெரிக்கச் சிப்பாய், அதனால் அவர்கள் பட்டாளச் சட்டம்தான் செல்லுமாம். நல்ல வேடிக்கை! சாட்சிக்கு மட்டும் எங்கள் ஆள் வேண்டியிருந்தது: என் பக்கத்து வீட்டு எனிட் ப்ரௌஸ்.

எனிட் பிள்ளையில்லாத விதவை. ஒரு நிமிடம் சும்மா உட்காரமாட்டாள். கணவனைப் போருக்கு அனுப்பியிருந்த தெல்மாவை மாடியறையில் குடிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு விருந்து வைப்பது அப்போது ஊர் வழக்கம். எனிட் வீட்டுக்கு டெக்ஸ்டர் என்ற சிப்பாய் வந்தான். ஆட்டுக்கறியை ஒரு கை பார்ப்பான், பிறகு தட்டும் கழுவுவான். எனிட் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து தெருவிளக்குகளை மங்கலாக்கியிருந்த குளிர்காலம். ஏற்கெனவே இரண்டு பெண்களை எவனோ கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தான். ஒரு ஞாயிறு அந்தியில் தெல்மா தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பினாள். மறுநாள் பூங்காவில் பிணமாகக் கிடந்தாள்.

"தனியாத்தான் போனா" என்று போலீஸிடம் சொல்லிவிட்டாள் எனிட். அதன்பின் அவளுக்குத் தூக்கமில்லை. துடைத்த அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள். டெக்ஸ்டர் சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட அன்று வேலியோரம் வந்து நின்றாள்.

"நான்தான்டி அவனத் தெல்மாவுக்குத் துணையா அனுப்புனேன்."

"போய்ச் சொல்லு. வேற சாட்சியே இல்ல, நீ வாயத் தொறக்கலன்னா அவன் தப்பிச்சிருவான்."

"அவ அம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"முழிக்காத. சொல்லு, போதும்."

எனக்கென்ன, சொல்வது சுலபம்.

பட்டாள நீதிமன்றத்தில் நீள மேசைக்குப் பின்னால் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டெக்ஸ்டர் எனிட்டைப் பார்த்துச் சிரித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருவரும் சேர்ந்து போனதை அவள் சொன்னதும், அவன் தரப்பில் வாதாடிய அதிகாரி எழுந்தார்.

"அந்தப் பொண்ணு, கல்யாணமானவ, அவளே இவனக் கூப்பிட்டாளா மேடம்?"

எனிட்டின் முகம் சிவந்துவிட்டது. "வாய அடக்கிப் பேசுங்க. 'வேண்டாம் மிஸஸ் ப்ரௌஸ், நான் தனியாவே போயிக்கிறேன்'னுதான் சொன்னா. நான்தான் கேக்கல. கொலைகாரன் வெளிய திரியிறான், கூடப் போப்பான்னு இவன அனுப்புனேன்."

பின்வரிசையில் தெல்மாவின் அம்மா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எனிட் அந்த அம்மாளிடம் போனாள்.

"டிராம் வரைக்கும் கூட வரட்டுமா?"

"துணைக்கா? நீயா?"

அந்த அம்மாள் விடுவிடுவென்று நடந்தாள். எனிட்டும் விடவில்லை, சற்றுத் தள்ளிப் பின்னாலேயே போனாள். எனிட்டைத் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பக்கத்தில் போகவும் தைரியமில்லை. அந்த மங்கல் தெருவில் மூன்று பேரும் தனித்தனியாகவே நடந்தோம்.