பின்சீட் இல்லாத கார்

கொக்கியை விரலால் நெம்பி, துணிக்கூரையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் வீசி, அது மடிந்து படிகிற 'டக்' சத்தம் கேட்டதும் நோரீன் ஹார்கிரீவ்ஸ் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மூடினார். மறுபடி திறந்தார். இது மூன்றாவது சனிக்கிழமை. வட இங்கிலாந்தின் ஸ்கிப்டன் ஊருக்கு வெளியே இருக்கும் அந்தக் கார் ஷோரூமில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. தேநீருக்கு எத்தனை சர்க்கரை என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை, கண்ணு" என்றார் நோரீன்.

விற்பனையாளர் கிரகாம் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "தேய்ஞ்சா போயிடப் போகுது? நல்லாத் திறந்து பாருங்க. மார்ச் மாசக் குளிர்ல கூரையைத் திறக்கறவங்கதான் வாங்கறவங்க. ஜூன் மாசம் வந்து திறக்கறவங்க ஃபோட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க."

அடுத்தது இறங்குகிற சோதனை. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார். ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். அறுபத்துமூன்று வயது முழங்காலை வைத்துக்கொண்டு இறங்குவதுதான் வேலை. முதலில் இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே போடுவார். கதவு விளிம்பைப் பிடிப்பார். வாய்க்குள் ஏதோ திட்டுவார். எழுந்துவிடுவார். எழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றும்முற்றும் பார்ப்பார். கிரகாம் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நல்ல விற்பனையாளர்.

நோரீனுக்குத் தொழில் முடி. கடை கிடையாது, வீடு வீடாகப் போவார். அவர் ஊரான கார்கிரேவைச் சுற்றியுள்ள ஊர்களில், முடி சுருண்டு நிற்க அவர் ரோலர் சுற்றாத கிழவிகளின் தலை குறைவு. சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டு கட்டி, ஸ்ப்ரேயை அடித்து இறுக்கிவிட்டால், அடுத்த வாரம் அவர் வரும்வரை ஒரு மயிர் அசையாது. இப்படி நாற்பது வருடமாகக் காற்றோடு சண்டை போட்டவர், காற்று நேராக முகத்தில் அறைகிற காருக்கு ஆசைப்பட்டால் ஊர் சும்மா இருக்குமா? "உன் முடி என்னாகும்னு யோசிச்சியா?" என்று ரோலரும் தலையுமாக உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருத்தரும் கேட்டாயிற்று. "அதான் எனக்குச் சரிபண்ணத் தெரியுமே" என்பது அவருடைய பதில்.

காரைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இல்லை. அதன் குறைகளைக் கிரகாமைவிட நன்றாகச் சொல்லுவார். டிக்கியில் ஒரு ஹேர் டிரையரும் ரோலர் பெட்டியும் வைத்தால் ரொட்டி வாங்க இடமில்லை. பெரிய சாலையில் லாரிக்குப் பக்கத்தில் போனால் சக்கரத்தின் நட்டுகளை எண்ணிக்கொண்டு போகலாம். கூரை மூடியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, திறந்திருந்தால் நம் குரலே நமக்குக் கேட்காது. வருடத்தில் இருநூறு நாள் மழை பெய்கிற ஊர் வேறு. "பாதி விலைக்குப் பழசு கிடைக்குமே" என்று சொல்கிறவர்களிடம் மட்டும் அவர் முகம் இறுகிவிடும். சின்ன வயதில் போட்ட கோட்டு அக்காவுடையது. முதல் கார் மாமனாருடையது. இப்போது ஓட்டுகிற நீளமான வண்டி, ஒரு சவப்பெட்டிக் கடைக்காரர் விற்றுவிட்டுப் போனது. "ஒரே ஒரு சீட்டாவது நான் முதல்ல உக்காந்ததா இருக்கட்டுமே" என்பார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

ஆனால் அவரை மூன்று வாரமாக ஷோரூம் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது டிக்கியும் இல்லை, மழையும் இல்லை. பின்சீட்.

நோரீன் வண்டியின் பின்சீட் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது கூட்டிப்போக வேண்டுமா, நோரீன் வருவார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதா, நோரீன் அந்தப் பக்கம்தானே போகிறார். பஸ் நிறுத்தத்தில் தெரிந்த முகம் நின்றால் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும். கணவர் கீத்துக்கு இந்தக் கழுத்தறுப்பே இல்லை. அவர் குழாய் ரிப்பேர் செய்பவர், வேன் ஓட்டுகிறார்.

"என் வேன்லயும் ரெண்டே சீட்டுதான்" என்றார் ஒருநாள் தேநீரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே. "முப்பது வருஷத்துல ஒருத்தராவது என்னை 'கொண்டுபோய் விடறியா'ன்னு கேட்டிருக்காங்களா? சீட் இல்லேன்னா கேக்க மாட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்."

பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது. அவர் கரண்டியால் அதைத் தேடிக்கொண்டிருந்தபோது நோரீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை வெகுநாளாக இருந்தது. அதற்கு ஒரு நியாயம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அந்த மூன்றாவது சனிக்கிழமை, "சும்மா திறந்து மூடினது போதும், ஓட்டுங்க" என்று கிரகாம் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். கூரையைத் திறந்தபடியே மேட்டுநிலச் சாலையில் ஏறினார்கள். ஆடுகள், கல் சுவர்கள், கன்னத்தைக் கிள்ளுகிற காற்று. நாலாவது மைலில் மழை பிடித்துக்கொண்டது.

"ஐம்பதுக்குக் கீழ போகாதீங்க" என்று கத்தினார் கிரகாம். "வேகமாப் போனா மழை தலைக்கு மேல போயிடும்!"

உண்மைதான். கண்ணாடிக்கு மேலே மழை ஒரு தகடு போல ஓட, கீழே இருவரும் நனையாமல் உட்கார்ந்திருந்தார்கள். திறந்த கார்க்காரர்கள் எல்லோரும் நம்புகிற சாத்திரம் இது. வளைவைத் தாண்டியதும் முன்னால் ஒரு டிராக்டர், வைக்கோல் ஏற்றிக்கொண்டு, மணிக்குப் பத்து மைலில் போய்க்கொண்டிருந்தது. மழை உடனே மடியில் இறங்கியது. கிரகாம் கூரையைக் காட்டிக் கெஞ்சினார். நோரீன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒருதரம் திறந்ததை மழைக்குப் பயந்து மூடுவது அவமானம் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

அப்போது எதிரே ஒரு பழைய பச்சை நிறத் திறந்த கார் வந்தது. ஓட்டியவருக்கு எண்பது வயது இருக்கும். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கடக்கும்போது ஸ்டீயரிங்கிலிருந்து கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். நோரீனும் தூக்கினார். நாற்பது வருடமாக வண்டி ஓட்டுகிறார். சாலையில் அவரைப் பார்த்துக் கை தூக்கியவர்கள் எல்லோரும் ஏறிக்கொள்ளத்தான் தூக்கினார்கள். ஒன்றும் வேண்டாமல் கை தூக்கியவர் இவர் ஒருவர்தான். முகத்தில் வழிந்தது எல்லாம் மழை என்றுதான் கிரகாம் நினைத்திருப்பார்.

ஷோரூம் திரும்பியதும் துண்டால் துடைத்துக்கொண்டே, "புதன்கிழமை சொல்றேன்" என்றார் நோரீன். புதன்கிழமை என்றால் அக்கா.

அக்கா ஆட்ரீ எம்ப்சேயில் இருக்கிறார். பதினோரு வருடத்துக்கு முன் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் பஸ் ஏறக் கூடாது என்றார்கள். நோரீன் ஆறு வாரமும் சந்தைக்குக் கூட்டிப் போனார். ஏழாவது வாரம் நிறுத்துவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் கார்கிரேவிலிருந்து கிளம்பி, ஸ்கிப்டன் சந்தையைத் தாண்டி எம்ப்சே போய், அக்காவையும் பக்கத்து வீட்டு மார்ஜரியையும் ஏற்றிக்கொண்டு, அதே சந்தைக்குத் திரும்பி வருகிறார். மார்ஜரிக்குத் தலைசுற்றல், அதனால் முன்சீட். ஆட்ரீ பின்னால். ஒரு மணிக்கு நோரீனுக்கு வாடிக்கையாளர் உண்டு, அதனால் பன்னிரண்டரைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். காரை மாற்றினால் இவர்கள் இருவரும் என்ன செய்வார்கள்? நோரீன் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் இதையே நினைத்து ரோலர் சுற்றினார். செவ்வாய் மாலை முடிவுக்கு வந்துவிட்டார்.

ஆட்ரீயின் சமையலறையில் கெட்டில் கொதித்து, தேநீர் ஊற்றி, மூவரும் வானிலையைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை அவர் கார் பேச்சை எடுக்கவில்லை.

"அந்தக் கார் வேண்டாம்னு வச்சிட்டேன்" என்றார் பிறகு. "உங்களை விட்டுட்டு எனக்கு மட்டும் என்ன கார் வேண்டிக் கிடக்கு?"

நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். குறைந்தபட்சம், 'அடடா' என்றாவது. மார்ஜரியின் கையிலிருந்த கேக் பாதி வழியில் நின்றுவிட்டது.

"அடக் கடவுளே, வாங்கலியா?" என்றார் மார்ஜரி. "நீ வாங்கிடுவேன்னு நாங்க எவ்வளவு நம்பிக்கையா இருந்தோம்!"

"மார்ஜரி, சும்மா இரு" என்றார் ஆட்ரீ.

"என்ன சும்மா இரு? பதினோரு வருஷமா சும்மாதானே இருந்தோம். நோரீன், தப்பா எடுத்துக்காத கண்ணு. எங்க ரெண்டு பேர்கிட்டயும் இலவச பஸ் பாஸ் இருக்கு. ஒரு புதன்கிழமைக்குக்கூட அது உதவல. காலையில பத்து மணி இருபது நிமிஷத்துக்கு வர்ற பஸ்ல எல்லாரும் போறாங்க. சிரிப்பும் கும்மாளமுமா இருக்குமாம். சந்தை முடிஞ்சு மீன் வறுவல் சாப்பிட்டு, மூணு மணி பஸ்ல திரும்பறாங்க. நாங்க மட்டும் பன்னண்டரைக்கு ஓடி வந்து உன் வண்டில ஏறணும்."

நோரீன் அக்காவைப் பார்த்தார். ஆட்ரீ மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"நிஜமாக்கா?"

"நீ ஆசையா வரியேன்னுதான்டி" என்றார் ஆட்ரீ. "வேண்டாம்னு சொன்னா உன் மனசு என்ன பாடுபடும்? உனக்கும் ஒரு துணை வேணுமேன்னு நெனச்சேன்."

"எனக்கா? எனக்குத் துணையா?"

"பின்ன? இல்லேன்னா சந்தையைத் தாண்டி இவ்வளவு தூரம் எதுக்குடி வருவே?"

நோரீனுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் தேநீரைக் குடித்தார். பதினோரு வருடம். அக்காவுக்காக அவர் வந்தார். அவருக்காக அக்கா ஏறினார். வாரம் தவறாமல் ஒருவர்மேல் ஒருவர் இரக்கப்பட்டுக்கொண்டு, ஒருவருக்கும் பிடிக்காத வண்டியில் எல்லோரும் போய்வந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அப்படிக் கேட்பது மரியாதையா?

வலி அதில் மட்டும் இல்லை. அக்காவைச் சொல்லித்தான் காரை வேண்டாம் என்று முடித்திருந்தார். இப்போது அந்தச் சாக்கும் போயிற்று. இனி வாங்கினாலும் தனக்காகத்தான், வாங்காவிட்டாலும் தன் பயத்தால்தான். அறுபத்துமூன்று வயதில் முதன்முறையாக, 'உனக்கு வேணுமா, வேண்டாமா?' என்ற கேள்வி யாரையும் துணைக்குக் கூட்டிக்கொள்ளாமல் வந்து எதிரே உட்கார்ந்தது. ஷோரூமில் கூரையைத் திறந்து மூடியபோது இவ்வளவு பயமாக இல்லை.

"சரி, பேச்சை விடு" என்று ஆட்ரீ கோட்டை மாட்டிக்கொண்டார். "இவ்வளவு தூரம் வந்துட்டே. இன்னிக்கு உன் வண்டியிலேயே போயிடலாம்."

"ஆமாமா, அதனால என்ன, சந்தோஷமா வரோம்" என்றார் மார்ஜரி. முகத்தில் துளி சந்தோஷம் இல்லை.

நோரீன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. நடங்க."

இருவரும் வேண்டாம் வேண்டாம் என்றார்கள், ஆனால் கால்கள் வேகமாக நடந்தன. நிறுத்தம் தெருக்கோடியில்தான். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. உள்ளேயிருந்து யாரோ, "பாருடா, எம்ப்சே மகாராணிங்க ரெண்டு பேரும் வந்துட்டாங்க!" என்று கூவ, மார்ஜரி ஏறியே விட்டார். ஆட்ரீ ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பித் தங்கையைப் பார்த்தார்.

நோரீன் அங்கே இல்லை. தெருவில் நிறுத்தியிருந்த தன் நீள வண்டிக்குப் போய், பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்திருந்தார். ஒரு தடிமனான பழுப்பு மெத்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஆட்ரீயின் இடுப்புக்காகப் பின்சீட்டில் வாங்கிப் போட்டது. நடுவில் பள்ளம் விழுந்து, அக்காவின் உருவத்துக்கே வந்திருந்தது.

"அது எதுக்குடி இப்ப?" என்றார் ஆட்ரீ. "உன் வண்டியிலேயே கெடக்கட்டும். எப்பவாவது மழை, குளிர்னா நான்..."

டிரைவர் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நோரீன் அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கி, கையிடுக்கில் மெத்தையைச் செருகி, கையை மறுபடி இறக்கி அமுக்கிவிட்டார்.